கால் முளைத்த கேரட்டும் பதினைந்து நாள் விதியும்

பள்ளி வளாகத்துக்கு வெளியே மாணவர்களை அழைத்துச் செல்ல மேலதிகாரியின் எழுத்துமூலமான முன் அனுமதி வேண்டும். அனுமதி கேட்டு வரும் விண்ணப்பத்துக்குப் பதினைந்து நாட்களுக்குள் பதில் தர வேண்டும். கல்வி அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்த காலம் முழுவதும் இந்த விதியின் முதல் பாதியைக் கண்டிப்பாக அமல்படுத்தினேன். இரண்டாம் பாதியை மறந்துவிடுவது அலுவலக வழக்கம். அந்த வழக்கத்தை வளர்த்தவர்களில் நானும் ஒருவன்.

ஓய்வு பெற்ற பிறகு, கோபாலபுரத்து வீட்டைப் பூட்டிவிட்டு, மலைக்கிராமமான வட்டவடையில் ஆசிரியையாக இருந்த மகளோடு சில மாதம் தங்கினேன். அவளுடைய வேலை இன்னும் உறுதியாகவில்லை. ஆய்வு அதிகாரி ஒருவர் வந்து, வகுப்பைப் பார்த்து, நல்லபடியாக நாலு வரி எழுதினால்தான் உறுதியாகும். பிள்ளைகள் தம் கையால் செய்து கற்க வேண்டும் என்று அந்த வருடம் சுற்றறிக்கை வந்திருந்தது. அதிகாரி பார்க்கப்போவது அதைத்தான்.

பள்ளிக்கு எதிரே, ரோட்டைத் தாண்டினால் கேரட் தோட்டம். நாலாம் வகுப்புப் பிள்ளைகளை அங்கே கூட்டிப்போக மகள் நினைத்தாள். தோட்டம் அதே வகுப்பில் படிக்கும் ஒரு சிறுமியின் அப்பாவுடையது. அவள் தினமும் அந்தத் தோட்டத்து வரப்பில் நடந்துதான் பள்ளிக்கு வருவாள். ஆனால் அவளாக வருவது வேறு, பள்ளி அவளை அழைத்துச் செல்வது வேறு. பின்னதற்கு அனுமதி வேண்டும். ரோட்டின் அகலம் பன்னிரண்டு அடி. விண்ணப்பம் மூன்று பக்கம், வரைபடம் தனி. நானே எழுதினேன்.

பதினைந்து நாள் போயிற்று. நினைவூட்டல் கடிதம் ஒன்று அனுப்பினேன்.

"ஏனுங்கப்பா, நெனவூட்டல் வந்தா நீங்க ஆபீஸ்ல என்ன பண்ணுவீங்க?" என்று மகள் கேட்டாள்.

"முதல் கடிதத்தோட சேர்த்துக் கட்டி வைப்பேன்."

"அப்ப அங்க அதுக்குத் துணைக்கு ஆள் போயிருச்சுங்க. இனிப் பயமில்ல."

வளாகத்துக்குள் பாத்தி போட யார் அனுமதியும் வேண்டாம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. திட்டம் தயாரித்தேன். தட்டுகளில் விதைத்து நாற்று வளர்ப்பது. ஒரு மாதம் கழித்துப் பிடுங்கி, கயிறு கட்டி, சாண் இடைவெளியில் வரிசையாக நடுவது. ஒவ்வொரு செடிக்கும் ஓர் எண். முட்டைக்கோசுக்கு அச்சிட்டிருந்த ஒரு கையேட்டைப் பார்த்து, கேரட்டும் காய்கறிதானே என்று எழுதிய திட்டம் அது.

தோட்டக்காரரின் மகள் தட்டைப் பார்த்தாள். "சார், கேரட்டுக்கு நாத்தா? கோசுக்குத்தான் நாத்து."

"திட்டத்தில் அப்படித்தான் இருக்கிறது."

"பிடுங்கி நட்டா கவட்டை விழுந்துரும் சார்."

"யார் சொன்னது?"

"யாரும் சொல்லல சார். விழுந்துரும்."

ஆதாரமில்லாத ஆட்சேபணை என்று தள்ளுபடி செய்தேன். பிள்ளைகள் வாதாடவில்லை. மாதம் கழித்து நாற்றை நட நான் கயிறு கட்டிக்கொண்டிருந்தபோது, மிச்சமிருந்த விதையைப் பாத்தியின் மறுபாதியில் தூவி, மண்ணைத் தள்ளி மூடிவிட்டார்கள். அந்தப் பாதி என் வரைபடத்தில் இல்லை. ஆகவே அதை நான் பார்க்கவும் இல்லை.

மாசியில் அதிகாரி வந்தார். மகள் முந்தின நாளே சொல்லியிருந்தாள்: "நாளைக்கு நீங்க பின்னால நின்னாப் போதுங்கப்பா. என்ற வேலை உங்க கேரட்டுலதான் தொங்குது."

பிள்ளைகள் முதலில் என் வரிசையைப் பிடுங்கினார்கள். எண் ஒன்று இரண்டு காலோடு வந்தது. எண் இரண்டுக்கு மூன்று கால். எண் ஏழு காலைப் பின்னிக்கொண்டிருந்தது.

"இது சார் மாதிரியே காலுமேல கால் போட்டு உக்காந்திருக்குடா" என்றான் ஒருவன். அடுத்தவன் அதற்குக் கைக்குட்டையில் வேட்டி கட்டினான். மகளின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கும் தைரியம் இல்லை.

"இது எப்படி இப்படி ஆச்சு?" என்று அதிகாரி கேட்டார்.

தோட்டக்காரரின் மகள் மறுபாதிக்குப் போய் ஒன்றைப் பிடுங்கி வந்து பக்கத்தில் வைத்தாள். அது ஸ்கேல் போல நேராக இருந்தது. "இது நாங்க வெதச்சது. அது சார் நட்டது. வெதச்ச எடத்துலயே விட்டா வேரு நேரா கீழ போகும் சார். பிடுங்கினா நுனி ஒடிஞ்சிரும். அப்புறம் அது வழி தெரியாம ரெண்டு பக்கமும் போகும்."

ஆணிவேர் என்றால் என்ன என்று கேட்டிருந்தால் நான் படம் வரைந்து முழு மதிப்பெண் வாங்கியிருப்பேன். அதைப் பிடுங்கி வேறிடத்தில் வைத்தால் என்ன ஆகும் என்று எந்தக் கேள்வித்தாளும் என்னைக் கேட்டதில்லை.

"ஒரே மண்ணு, ஒரே விதை, ரெண்டு வழிமுறை. நல்ல சோதனை, டீச்சர்" என்றார் அதிகாரி.

"வேணும்னு செய்யலீங்க சார்" என்றாள் மகள். பொய் சொல்ல வராது அவளுக்கு. அதில் அவள் அம்மாவைப் போல.

"அதை நான் கேக்கலையே." அதிகாரி என் பக்கம் திரும்பினார். "இவரு?"

"தப்பா நட்டுக் காமிச்ச சாரு" என்றது வகுப்பு முழுவதும்.

அவர் எழுதிய நாலு வரியை மகள் பின்னர் படித்துக் காட்டினாள். கடைசி வரி இது: 'தவறான முறையைச் செய்து காட்டுவதற்கு ஓய்வுபெற்ற அலுவலர் ஒருவரை ஆசிரியை திறம்படப் பயன்படுத்தியுள்ளார்.' அவளுடைய வேலை உறுதியாயிற்று. அன்று இரண்டு கால் கேரட்டெல்லாம் சாம்பாரில் போயின. ஏழாம் எண்ணை மட்டும் அவள் எனக்கென்று தனியாக எடுத்து வைத்திருந்தாள்.

எங்கள் மூன்று பக்க விண்ணப்பத்துக்கும் ஒரு பக்கப் பதில் வந்தது. ரோட்டைத் தாண்டித் தோட்டத்தைப் பார்க்க அனுமதி உண்டு. பிள்ளைகள் மண்ணையோ செடியையோ தொடக்கூடாது. பள்ளியைக் கோடை விடுமுறைக்குப் பூட்டிவிட்டு மகள் கேட் அருகே நின்றபோது தபால்காரர் அதைக் கொடுத்தார். அன்று தேதி மார்ச் முப்பத்தொன்று.