முட்டையை மிதித்தவன்

என் எழுத்து கோணலாக இருக்கும். பிழையும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தோஹாவில் ஒரு அரபி வீட்டில் பதினோரு வருடமாகத் தோட்ட வேலை செய்கிறேன். வயது நாற்பத்தெட்டு. கல்யாணம் ஆகவில்லை. அங்கே சமையல் செய்பவள் இந்தோனேசியாக்காரி. டிரைவரும் அவள் நாட்டுக்காரன்தான்.

மதியம் வேலை ஓய்ந்ததும் அவள் போனில் தன் ஊர் நாடகம் ஒன்று பார்ப்பாள். வெள்ளைக்காரன் ஆண்ட காலத்துக் கதை. அவள் ஊரிலேயே அதிகம் பேர் பார்க்காததாம். சமையலறைப் படியில் உட்கார்ந்து நானும் பார்ப்பேன். பாஷை தெரியாது. ஒரு பெண், அவளை விரும்பும் இருவர் என்பது மட்டும் புரிந்தது. ஒருவன் வாயாடியான புகையிலை வியாபாரி. இன்னொருவன் வாயே திறக்காத குதிரைவண்டிக்காரன். நான் வண்டிக்காரன் பக்கம்.

நஜ்மா ஏரியா டீக்கடையில் என் ஊர்த் தம்பி ஒருவன் கிண்டல் செய்வான்.

"அண்ணே, செடிகிட்டல்லாம் பேசுறீங்க, அந்தப் பொம்பளகிட்ட ஒரு வார்த்த கேக்கக் கூடாதா? டிரைவரு கொத்திட்டுப் போயிருவான், பாத்துக்கங்க."

"கழுத்துல ஒண்ணும் இல்லடா. மெதுவா கேக்கலாம்."

போன வருடம் அவள் லீவு முடிந்து வந்தபோது முதலில் கழுத்தைத்தான் பார்த்தேன். வெறுமையாக இருந்தது. டிரைவரும் அதே மாதம் லீவில் போனதை நான் யோசிக்கவில்லை.

ஒருநாள் நாடகத்தில் புகையிலை வியாபாரி ஒரு முட்டையை மிதித்து உடைத்தான். அந்தப் பெண் குனிந்து அவன் காலைக் கழுவினாள். எங்கள் பக்கம் பெண்கள் கால் கழுவுவது பெற்றவர்களுக்கும் மூத்தவர்களுக்கும்தான். நாடகத்தில் அவன் தாலியும் கட்டவில்லை. அவனை அண்ணனாக ஏற்றுக்கொண்டாள் என்று நினைத்தேன். அந்தச் சந்தோஷத்தில் எனக்குத் தைரியம் வந்தது. பாதி அரபி, பாதி இந்தியில் கேட்டேன்.

"அவன் அண்ணனாயிட்டானா? இனி வண்டிக்காரனுக்குத்தானே இவ?"

அவளுக்குக் கண்ணில் நீர் வரச் சிரிப்பு.

"அண்ணனா? மாஃபி, இல்ல பாய்! கல்யாணம் கலாஸ், முடிஞ்சிருச்சு! எங்க ஊர்ல கல்யாணம்னா இப்படித்தான்."

பிறகு, வெளியே கார் துடைத்துக்கொண்டிருந்த டிரைவரைக் காட்டினாள்.

"போன லீவுல நானும் இவருக்குக் கால் கழுவினேன். முட்டை ஓடு குத்திருச்சுன்னு அப்படிக் கத்தினாரு. மேடத்துக்குத் தெரிஞ்சா ஒருத்தரை ஊருக்கு அனுப்பிருவாங்க. சொல்லிராதீங்க, பாய்."

"அச்சா" என்றேன்.

சொல்லவில்லை. டீக்கடைத் தம்பியிடமும் சொல்லவில்லை. அவன் இன்னும் கிண்டல் செய்கிறான். எனக்கு விசா இன்னும் இரண்டு வருடம் நீட்டியிருக்கிறார்கள். காலையில் முதலில் தண்ணீர் விட வேண்டியது கார் நிற்கும் பக்கத்துச் செடிகளுக்குத்தான். நாடகம் பார்க்க இப்போது போவதில்லை. வண்டிக்காரன் கடைசியிலாவது பேசினானா என்று கேட்கவும் இல்லை.

13 டிசம்பர் 2024, வெள்ளிக்கிழமை.