சிவப்புப் பூ எந்த ஊர்?

ஆஸ்திரேலியா எவ்வளவு பெரிசு என்று உங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது. மூன்று வாரம் முன்பு வரை சத்தியமாகத் தெரியாது. தெரிந்த நாளிலிருந்து நிம்மதி போச்சு.

என் மகள் பவித்ரா நர்ஸ். மதுரையில் ஐந்து வருஷமாக ஐ.சி.யூ.வில் வேலை. ஆஸ்திரேலியா போகப் பரீட்சை எழுதி, இன்டர்வியூ எல்லாம் முடித்தாள். ஒரு வேலைக்குக் காத்திருந்தவளுக்கு இரண்டு வேலை கிடைத்துவிட்டது. ஒன்று மெல்போர்னில், இன்னொன்று டார்வினில். திங்கட்கிழமைக்குள் ஏதாவது ஓர் ஊருக்குச் சரி சொல்லியாக வேண்டும்.

இதெல்லாம் ஒரு பிரச்னையா என்கிறீர்களா? என் வீட்டுக்கு வந்து பார்த்திருக்க வேண்டும்!

மெல்போர்ன் பெரிய ஊர். கோயில் இருக்கிறது, பாக்கெட்டில் தோசை மாவு கிடைக்கிறது. முக்கியமாக, என் வீட்டுக்காரரின் அக்கா சரோஜா மதினியின் மகன் கார்த்தி அங்கேதான் பெண்டாட்டி பிள்ளைகளோடு இருக்கிறான். டார்வின் மேப்பின் உச்சியில் இருக்கிறது. சின்ன ஊர்தான். நம் ராஜபாளையம் மாதிரியே வெயில் பிளக்குமாம். ஆஸ்பத்திரியே தங்க ரூம் தருகிறது. ஆனால் தெரிந்தவர் என்று ஒரு ஈ, காக்கை கிடையாது. முதலை உண்டாம்...

என் வீட்டுக்காரர் மில்லில் ரிட்டயர் ஆனவர். எந்தச் சண்டையிலும் இரு தரப்புக்கும் நல்லவராக இருந்தே பழகியவர். மேப்பில் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ரெண்டுக்கும் நடுவுல ஒரு ஊர் இருந்தா பாரேன்மா?"

"நடுவுல பாலைவனம்தான்ப்பா இருக்கு."

"அப்படியா..." என்று பேப்பரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் மதினிக்குப் போன் போட்டோம். எங்கள் குடும்பத்தில் எந்த முடிவும் அங்கே போய்த்தான் திரும்பும். மதினி ஒரே நிமிஷத்தில் தீர்ப்பு சொன்னார்.

"இதுக்குப் போயா முழிக்கிய? கார்த்தி வீட்டுல தங்கிக்கிட்டு டார்வினுக்கு டெய்லி வேலைக்குப் போய்ட்டு வரட்டும். ராஜபாளையத்துல இருந்து எம்புட்டு பேரு எங்க ஊர் கோர்ட்டுக்கு பஸ்ஸுல வந்துட்டுப் போறாவ?"

"அத்தை, மெல்போர்ன்ல இருந்து டார்வினுக்கு பிளைட்லயே நாலு மணி நேரத்துக்கு மேல ஆகும்" என்றாள் பவித்ரா.

 "ஒரே தேசம்னுதான சொன்னிய?" என்று அந்தப் பக்கம் ஒரு சந்தேகக் குரல்.

சிரிக்காதீர்கள். நானும் அதையேதான் கேட்டிருந்தேன்.

"அப்ப மெல்போர்ன்தான். பேச்சே கெடையாது" என்றார் மதினி. "கார்த்தி வீட்டுல மாடி ரூம் சும்மாதான கெடக்கு? ரெட்டைப் பிள்ளைகளை வச்சுக்கிட்டு அவிய ரெண்டு பேரும் வேலைக்கும் போய்க்கிட்டு படாத பாடு படுதாவ. இவ போனா அதுகளுக்கும் ஒரு துணை."

பவித்ரா என்னைப் பார்த்தாள். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன்.

மாடி ரூம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் மதினி வீட்டு மாடியில்தான் குடித்தனம். மதினி தங்கமான மனுஷி, பொய் சொல்லக் கூடாது. பிரசவத்தில் என்னைத் தாய் மாதிரி பார்த்துக்கொண்டார். ஆனால் இன்றைக்கு என்ன குழம்பு, தீபாவளிக்கு என்ன கலர் சேலை, பிள்ளைக்கு என்ன பெயர்... எல்லாம் கீழே முடிவாகி மேலே வரும். மில்லுக்குப் பக்கத்திலேயே ராஜபாளையத்தில் வீடு பார்க்கலாம் என்று சொல்ல எனக்கு ஆறு வருஷம் ஆனது. எவ்வளவு தூரம்? பன்னிரண்டு கிலோமீட்டர்!

கிளம்பிய அன்று மதினி அழுதார். நானும் அழுதேன். சாமான் ஏற்றிய வண்டி ஊரைத் தாண்டியதும் எனக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே... இன்றைக்கு நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

அப்படிப்பட்டவள் மகளுக்கு டார்வின் என்று சொல்ல வேண்டாமா? சொல்ல வாய் வரவில்லை. காய்ச்சல் என்று படுத்தால் ஒரு தம்ளர் வெந்நீர் வைத்துக் கொடுக்க ஆள் வேண்டாமா? பகலில் டார்வின் சரி என்று தோன்றும். சாயந்திரம் விளக்கு வைக்கும்போது மெல்போர்ன்தான் என்று தோன்றும். பவித்ராவோ, "நீங்க என்ன சொல்றீங்க?" என்று எங்களையே கேட்டுக்கொண்டிருந்தாள். நாங்கள் ஒன்றும் உருப்படியாகச் சொல்லவில்லை.

கடைசியில் மதினிதான் வழி சொன்னார். "ஞாயித்துக்கெழமை எல்லாரும் வாங்க. பூக்கட்டிப் பாத்துருவோம்."

சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வெள்ளைப் பூ ஒரு பொட்டலம். எந்தப் பூ எந்த முடிவு என்று முன்கூட்டியே நினைத்துக்கொண்டு சாமி முன்னால் வைக்க வேண்டும். சின்னப் பிள்ளை எதை எடுக்கிறதோ அதுதான் சாமி சொன்ன பதில். எங்கள் குடும்பத்தில் நிலம், வரன், ஆபரேஷன் எல்லாம் இப்படி முடிவாகியிருக்கிறது. வெளிநாட்டு ஊருக்கு இதுதான் முதல் தடவை.

மதினி வீட்டு அடுப்படியில் நானும் மதினியும் பேப்பரைக் கிழித்துப் பூவை மடித்தோம். கிழித்த பிறகுதான் பார்த்தேன், அது வாராவாரம் நான் எழுதும் இந்தப் பத்தி போன வாரம் வந்த பக்கம்! பவித்ரா மொட்டை மாடியில் போனில் இருந்தாள்.

"செவ்வரளி மெல்போர்னு. நந்தியாவட்டை டார்வினு" என்றார் மதினி.

அப்போது என் வீட்டுக்காரர் தலையை நீட்டினார். "டார்வின்தான வெயில் ஊரு? அதுக்குல்ல செகப்பு வைக்கணும்? குளிர் ஊருக்கு வெள்ளை."

"அதுவுஞ் சரிதான், மாத்திக்கிடுவோம்" என்ற மதினி, கொஞ்ச நேரத்திலேயே, "இல்லட்டி வசந்தா, மெல்போர்னுக்கு மங்களமா செகப்பே இருக்கட்டுமே?" என்றார். அந்த நேரம் பார்த்துக் குக்கர் விசில் அடித்தது. நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

மாடியில் குடியிருப்பவர்களின் மூன்று வயதுக் குட்டியை அழைத்து வந்தோம். முதலில் இரண்டு கையாலும் இரண்டு பொட்டலத்தையும் அள்ளிக்கொண்டது. பால்கோவா காட்டி ஒன்றைக் கீழே வைக்கச் சொன்னோம். கையில் மிஞ்சியதைப் பிரித்தார் மதினி. செவ்வரளி.

"மெல்போர்னு!" என்றார் மதினி, கன்னத்தில் போட்டுக்கொண்டே.

"டார்வினுல்ல? மாத்தினோமே?" என்றார் இவர்.

"மாத்தினதைப் பொறவு திருப்பியும் மாத்தினோம்ல? நீ அப்ப எங்க இருந்தே?"

"அக்கா, நான் அங்கனதான நின்னேன்!"

இரண்டு பேரும் என் பக்கம் திரும்பினார்கள். எனக்குத் தலை கிறுகிறுத்தது. மாற்றினோமா, மாற்றியதை மாற்றினோமா? விசிலுக்கு முன்னால் என்ன, பின்னால் என்ன? ஒன்றும் ஞாபகமில்லை.

அந்நேரம் பவித்ரா மாடிப்படியில் இறங்கி வந்தாள். பூவைப் பார்த்தாள். துளிக்கூடத் தயங்கவில்லை.

"சிவப்பா? அப்ப டார்வின்."

"ஒனக்கு எப்படிட்டி தெரியும்?" என்றார் மதினி.

"அம்மாதான் சொன்னாங்க. சிவப்பு டார்வின்னு. இல்லம்மா?"

நான் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பூ மடிக்கும்போது அவள் அடுப்படிப் பக்கமே வரவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.  ஆறு வருஷம் வாயைத் திறக்காமல் அந்த மாடிப்படியில் ஏறி இறங்கியவள் நான்.

"ஆமா மதினி" என்றேன். "சிவப்பு டார்வின்தான்."

மதினி என்னைச் செத்த நேரம் பார்த்தார். கண் லேசாகக் கலங்கியிருந்தது. "சாமி சொன்னா சரிதான்" என்று எழுந்தவர், அடுப்படிக்குள் போய் அங்கிருந்தே கேட்டார்: "ஏட்டி பவித்ரா, அங்க அந்த வெயிலுக்கு வத்தல் போட்டாக் காயும்ல?"

சாயந்திரம் பஸ்ஸில் திரும்பும்போது மகளிடம் மெதுவாகக் கேட்டேன். "பிள்ளை வெள்ளையை எடுத்திருந்தா என்னடி பண்ணிருப்ப?"

"வெள்ளையும் டார்வின்தாம்மா."

கோபம் வர வேண்டும். சிரிப்பு வந்தது. அடுத்த நிமிஷமே அழுகையும் வந்தது. "காய்ச்சல் வந்தா யாருடி உன்னைப் பாப்பா?" என்றேன்.

"நானே நர்ஸ்தானம்மா" என்று என் தோளில் சாய்ந்துகொண்டாள்.

ராஜபாளையம் வந்துவிட்டது. அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

நான் சொன்னது பொய்யா, நிஜமா? இன்றுவரை எனக்கே தெரியவில்லை. ஒருவேளை நிஜமாகவே சிவப்பு டார்வின்தானோ என்னவோ! சரோஜா மதினி வாராவாரம் இந்தப் பத்தியை ஒரு வரி விடாமல் படிப்பவர். அதனால் இங்கேயே சொல்லிவிடுகிறேன்...

மதினி, கோவிச்சுக்காதீங்க — கார்த்தியிடம் சொல்லி அந்த மாடி ரூமை வாடகைக்கு விட்டுவிடுங்கள்!