சாவிக்கொத்தோடு மன்னவனூருக்கு

ஒன்பது வருடமாகக் காலை ஏழுக்கும் இரவு ஏழுக்கும் வலிப்பு மாத்திரை போடுகிறேன். கடைசியாக வலிப்பு வந்து இரண்டு வருடம் ஆகிறது. ஆனாலும் தெருமுனைக் கடைக்குப் போனால்கூட வீட்டில் யாராவது செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே கிளம்புவார்கள். ஒரே ஒரு தடவை தனியாகப் போய் வருகிறேன் என்று சண்டை போட்டுத்தான் போன மாதம் மதுரையிலிருந்து கிளம்பினேன். வழியில் வலிப்பு வந்தால் இனி தனிப்பயணம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

முதல் நாள் கொடைக்கானலில் தங்கல். அறை 900 ரூபாய், வெந்நீருக்கு வாளிக் கணக்கில் தனிக் காசு. தூக்கம் கெட்டால் எனக்கு ஆகாது என்பதால் ஒன்பதுக்கே படுத்தேன். படுத்ததுதான் மிச்சம், பாதி இரவு புரண்டுகொண்டே இருந்தேன்.

காலை ஏழுக்கு இட்லி, மாத்திரை. ஏழரைக்கு மன்னவனூர் பேருந்து. சுமார் 35 கிலோமீட்டர், முழுக்க வளைவு. எட்டு மணிவாக்கில் ஜன்னல் வழியாக இட்லி மொத்தமும் வெளியே போய்விட்டது. மாத்திரையும் போய்விட்டதா? டாக்டரைக் கேட்காமல் இன்னொன்று போடக்கூடாது என்பது எனக்கான உத்தரவு. கேட்கலாமென்றால் காட்டுக்குள் சிக்னல் இல்லை. ஃபோனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன்.

"ஏம்மா, மூஞ்சி வெளுத்துக் கெடக்கு?" என்றார் பக்கத்தில் இருந்த ராசாத்தி அக்கா. பூம்பாறையில் பூண்டு விவசாயம் செய்பவர்.

அலுவலகத்தில் ஒருவருக்கும் சொல்லாததை, பயத்தில் அவரிடம் சொல்லிவிட்டேன். அவர் சட்டென்று இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை உருவி என் கையில் திணித்தார்.

"இரும்புல்ல, இறுக்கிப் பிடிச்சுக்கங்க."

"சாவியால வலிப்பு நிக்காதுக்கா. வந்தா ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. வாயில எதையும் வைக்காதீங்க, கையக் கால அமுக்காதீங்க. அஞ்சு நிமிஷத்துக்கு மேல போச்சுன்னா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிருங்க."

"அப்படியா!" என்றவர் எழுந்து நின்றார். "கண்டக்டர் தம்பி! இந்தப் பிள்ளைக்கு வலிப்பு வருமாம். வந்தா ஒருக்களிச்சுப் போடணுமாம். வாயில ஒண்ணும் வைக்கப்படாதாம்!"

பேருந்து முழுக்கத் திரும்பிப் பார்த்தது. இருக்கைக்கு அடியில் புகுந்துகொள்ளலாம் போலிருந்தது. நான் சாவியைத் திருப்பி நீட்டினேன்.

"நிக்காட்டிப் போகுது. சும்மா வச்சுக்கங்க, மனசுக்குத் தெம்பா இருக்கும்."

மறுக்க மனம் வரவில்லை. பூம்பாறையில் அவர் மூட்டையோடு இறங்கிப் போனார். பேருந்து ஊரைத் தாண்டிய பிறகுதான் என் கையைப் பார்த்தேன். அவர் வீட்டுச் சாவி!

கத்தி வண்டியை நிறுத்தினேன். கண்டக்டர் வாங்கி வைத்துச் சாயங்காலம் கொடுத்துவிடுவதாகச் சொன்னார். அதுவரை அக்கா பூட்டிய வீட்டு வாசலில் நிற்பதா? இறங்கிவிட்டேன். மலைச்சாலை, ஒரு பக்கம் பள்ளம், துணைக்கு ஆளில்லை. வீட்டில் என்னென்ன கூடாதென்பார்களோ அத்தனையும் அங்கே இருந்தது. மலைச்சுவரை ஒட்டியே நடந்தேன். ஊர் நெருங்கியதும் சிக்னல் கிடைத்தது. என் டாக்டரின் கிளினிக்குக்கு ஃபோன் போட்டேன். நர்ஸ் டாக்டரைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் கழிச்சுத்தான வாந்தி வந்துச்சு, மறுபடி வேண்டாம். ராத்திரி டோஸ நேரத்துக்குப் போடுங்க." அப்போதுதான் மூச்சு சீரானது.

ராசாத்தி அக்கா எதிரே ஓடி வந்துகொண்டிருந்தார். "என் சாவி போனாப் போகுது, நீங்க எதுக்குத் தனியா நடந்தீங்க?" என்று திட்டினார். சுடச்சுடக் கஞ்சி கொடுத்தார். அடுத்த பேருந்தில் ஏற்றிவிட்டு, அந்தக் கண்டக்டரிடமும் ஒன்றுவிடாமல் ஒப்பித்தார். கூடவே, "சாவி கீவி குடுக்காதீங்க, அதெல்லாம் சும்மா" என்றும் சேர்த்துக்கொண்டார்.

மன்னவனூர் புல்வெளியில் ஒரு மணி நேரம்தான் இருக்க முடிந்தது. ஆடுகள் மேய்ந்தன, காற்று அடித்தது. உட்கார முடியாமல் அங்குமிங்கும் நடந்துகொண்டே இருந்தேன். சந்தோஷத்தில்.

போகிறவர்களுக்கு: வளைவுச் சாலைக்கு முன் வயிறு முட்டச் சாப்பிடாதீர்கள். மாத்திரையை இரண்டு பைகளில் பிரித்து வையுங்கள். வாந்தி எடுத்தால் என்ன செய்வதென்று உங்கள் டாக்டரிடம் கிளம்பும் முன்பே கேளுங்கள், என் பதில் உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம். பக்கத்து இருக்கையில் இருப்பவரிடம் வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் கணவர் கேட்ட முதல் கேள்வி: "கூட யாராவது இருந்தாங்களா?"

"ரெண்டு பஸ் நெறைய ஆளுங்க இருந்தாங்க" என்றேன்.