எனக்கு மட்டும் இருநூற்று இருபது

ஒரகடம் கூட்டுரோட்டில் கொய்யாப்பழம் விற்கும் அம்மாவிடம் கிலோ என்ன விலை என்று கேட்டால் பதில் உடனே வராது. முதலில் என் முகத்தைப் பார்ப்பார், பிறகு கழுத்தில் தொங்கும் கம்பெனி அட்டையை, கடைசியில் என் செருப்பை. "எந்த ஊரும்மா?" என்பார். நான் சொல்லும் ஊரில்தான் கொய்யாவின் விலை இருக்கிறது. கிள்ளானில் எங்கள் பாசார் மாலத்தில், வாரம் ஒரு மாலை தெருவை மறித்துப் போடும் சந்தையில், விலையை அட்டையில் எழுதிப் பழத்துக்கு நடுவே குத்தி வைத்திருப்பார்கள். மலாய்க்காரர், சீனர், தமிழர் யார் வந்தாலும் அந்த அட்டை பேச்சை மாற்றாது. நான் மலேசியாவிலிருந்து இங்கே வந்து பதினோரு மாதமாகிறது. கொய்யாவில் பத்து இருபது கூடுதலாகப் போனதை நான் பெரிதுபடுத்தவில்லை. ஆட்டோவில் போனதைத்தான் மன்னிக்கவில்லை. இதைப் படிக்கும் கிள்ளான் சொந்தங்களும், என்னைப் போலவே ஒரு பெட்டியோடு வேறு நாட்டில் இறங்கியிருக்கும் நண்பர்களும் நான் செய்ததற்காகத் திட்டலாம். திட்டுங்கள். ரசித்துத்தான் செய்தேன்.

கார் இருக்கைக்கான இரும்புச் சட்டம் செய்யும் தொழிற்சாலையில் வெல்டிங் ரோபோக்களுக்கு வேலை சொல்லிக்கொடுப்பது என் வேலை. இரண்டு வருட ஒப்பந்தம். குடியிருப்பது படப்பையில், கொரியர்களும் ஜப்பானியர்களும் நிறைந்த ஓர் அடுக்குமாடியில். காலை ஷிப்ட் ஆறரைக்கு. கம்பெனி பஸ் எங்கள் பக்கம் வராது. அதனால் எதிரே இருக்கும் ஆட்டோ ஸ்டேண்டுதான் கதி. முதல் நாள் என்னை ஏற்றியவர் கோதண்டம் அண்ணன், ஐம்பது வயதிருக்கும். ஏறி உட்கார்ந்ததும் எங்கள் வழக்கப்படி, "பசியாறியாச்சாண்ணே?" என்று கேட்டேன். கண்ணாடியில் அவர் கண் சட்டென்று நிமிர்ந்தது. "மலேசியாவா மேடம்?" என்றார். ஒரே வார்த்தையில் கண்டுபிடித்துவிட்டாரே என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம். தொழிற்சாலை கேட்டில் இறங்கியதும் இருநூற்று இருபது ரூபாய் கேட்டார். நன்றி சொல்லிக் கொடுத்தேன். மறுநாளிலிருந்து ஸ்டேண்டில் எல்லோருக்கும் நான் "மலேசியா மேடம்."

அந்தப் பெயரை நான் பிறகு ஏன் அவ்வளவு வெறுத்தேன் என்று சொல்ல வேண்டும். கோலாலம்பூரில் படித்தபோது வாடகை அறை தேடி ஒரு வீட்டுக்காரம்மாவிடம் போனில் பேசினேன். அறை இருக்கிறது, ஜன்னல் இருக்கிறது, நாளைக்கே வரலாம் என்றார். கடைசியில் பெயரைக் கேட்டார். சொன்னேன். "இந்தியனா?" என்றார். அடுத்த நொடியே அறை போய்விட்டது. இன்னொருவர் அறை கொடுத்தார், ஆனால் மற்றவர்களிடம் வாங்குவதைப் போல இரண்டு மடங்கு முன்பணம். மூன்று தலைமுறையாக அந்த மண்ணில் இருக்கிறோம், இருந்தும் என் பெயருக்குத் தனி விலை. இந்த வேலை கிடைத்தபோது விமான நிலையத்தில் அப்பா, "அங்கே யாரும் நீ என்ன இனம்னு கேட்க மாட்டாங்கம்மா" என்றார். அந்த ஒரு வாக்கியத்தை நம்பித்தான் ஏறினேன். ஒரே ஓர் ஊராவது என்னை நிறுத்திக் கேள்வி கேட்காமல் உள்ளே விட வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

சங்கீதா என் லைனில் தரம் பார்ப்பவள், குன்றத்தூர்க்காரி. ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டில் தங்கிவிட்டுத் திங்கள் காலை என்னோடு கோதண்டத்தின் ஆட்டோவில் வந்தாள். கேட்டில் நான் பையைத் திறப்பதற்குள் அவள் நூற்று இருபதை நீட்டிவிட்டு இறங்கி நடந்தாள். அவர் அதை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வண்டியைத் திருப்பினார்.

"ஏய், இன்னும் நூறு கொடுக்கணும்" என்று பின்னால் ஓடினேன்.

"எதுக்கு? இந்தத் தூரத்துக்கு நூத்தி இருவதுதான்டி எப்பவும். உன்கிட்ட எவ்ளோ வாங்கறாரு?"

சொன்னேன். அவள் வருகை பதியும் பஞ்ச் மெஷினைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "கொரியாக்காரங்ககிட்ட இருநூத்தி அம்பது. எங்ககிட்ட நூத்தி இருவது. உனக்குன்னு நடுவுல ஒரு ரேட் போட்டுக்கீறாரு பாரு. மூள வேணும்டி அதுக்கு."

அன்று முழுவதும் ரோபோவின் கை தீப்பொறி பறக்க வளைவதைப் பார்த்துக்கொண்டே திட்டம் போட்டேன். சண்டை போடலாம், ஆனால் சண்டையில் அவர் தமிழ் வெல்லும். அடுத்த ஞாயிறு சங்கீதாவைப் போனில் பிடித்து, படப்பையிலிருந்து எங்கெங்கே போக உள்ளூர்க்காரர் எவ்வளவு கொடுப்பார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், மறைமலை நகர், தாம்பரம். எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் அடித்து, மேலே "உள்ளூர்க்காரர் கொடுக்கும் கட்டணம்" என்று தலைப்புப் போட்டு, எங்கள் இரண்டு லிஃப்டிலும் ஒட்டினேன். செவ்வாய்க்கிழமை பால்கனியில் டீயோடு நின்று கீழே பார்த்தேன். ஒரு ஜப்பானியர் போனில் எடுத்த படத்தை ஆட்டோக்காரரின் மூக்குக்கு நேரே பிடித்தபடி நின்றார். அடுத்து இரண்டு கொரியர்கள். அதற்கடுத்து ஒரு தாய்லாந்துக்காரர். கோதண்டம் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பழிவாங்கினால் மனம் பாரமாகும் என்று சொல்பவர்கள் பழிவாங்கிப் பார்த்ததில்லை. எனக்கு நன்றாகப் பசித்தது, நன்றாகத் தூக்கம் வந்தது.

சங்கீதாவுக்குத்தான் கோபம். "உன் ரேட்டைக் குறைக்கத்தானே நான் சொன்னேன். கொரியாக்காரங்க ரேட்டையும் ஏன்டி குறைச்ச? அவங்க சம்பளம் தெரியுமா உனக்கு?"

"அப்ப நான்?"

"நீ நம்ம ஆளு."

"அது உங்க கோதண்டத்துக்குத் தெரியலையே."

அவள் சொன்னதை நான் யோசிக்காமல் இல்லை. கோயிலையும் கோட்டையையும் உள்ளூர் மக்களின் வரிப்பணம் காக்கிறது, அதனால் அவர்களுக்குச் சலுகை, வந்து பார்ப்பவனுக்குக் கூடுதல் என்றால் ஏற்றுக்கொள்ளலாம். அங்கே இரண்டு விலையும் பலகையில் எழுதியிருக்கிறது. பணம் இருப்பவன் அதிகம் கொடுக்கட்டும் என்றாலும் சரி, ஆனால் அப்போது பையைப் பார்த்துக் கேட்க வேண்டும், கடவுச்சீட்டைப் பார்த்து அல்ல. எங்கள் தயாரிப்புப் பிரிவு மேலாளர் தாம்பரத்துக்காரர், என்னைவிட இரண்டு மடங்கு சம்பளம் வாங்குகிறார், அவருக்கு நூற்று இருபது. எப்படித் திருப்பிப் பார்த்தாலும் கோதண்டத்தின் கட்டணம் எந்த நியாயத்திலும் அடங்கவில்லை. அது எனக்குத் தெம்பாக இருந்தது.

அவர் வண்டியில் ஏறுவதை நிறுத்திவிட்டு, ஷேர் ஆட்டோவில் பாதி தூரமும் நடையாக மீதியும் போய்க்கொண்டிருந்தேன். பத்து நாள் கழித்து, நடந்துகொண்டிருந்த என் பக்கத்தில் வந்து நிறுத்தினார். "ஏறுங்க மேடம். காசு வேணாம்." ஏறினேன்.

"லிஃப்ட்டுல ஒட்னது நீங்கதானே?"

"ஆமாண்ணே. அதுல ஒரு பொய் இருந்தா காட்டுங்க."

"பொய்யா இருந்தாத்தான் கிழிச்சிருப்பேனே. எல்லாம் கரெக்டா எழுதிக்கீறீங்க." லாரி ஒன்றுக்கு வழிவிட்டு மெதுவாக ஓட்டினார். "கொரியாக்காரங்ககிட்ட கேக்கறது பொழப்பு. கம்பெனி வந்தப்புறம் என் வூட்டு வாடகை டபுள் ஆச்சு. இன்னா ஓனரே இதுன்னா, கம்பெனிக்காரன் தர்றான், நீ தர்றியாங்கறாரு. எங்க ஊர்லயே எனக்கு ஃபாரின் ரேட்டு. நான் யார்கிட்ட போய் வாங்கறது?"

"சரி. நான் என்ன கொரியாக்காரியா?"

"நீங்க வேற கணக்கு மேடம்." ஹாண்டிலிலிருந்து இடது கையை எடுத்து எனக்குக் காட்டினார். மோதிர விரல் மடங்கவில்லை. "உங்க மலேசியாவுல, ஜொகூர்ல ஆறு வருசம் இருந்தேன். நம்ம ஆளு ஓட்டல்ல. வாழைக்கா சீவும்போது அறுத்துக்கினேன். கிளினிக்குக்குப் போனா கவுண்ட்டர்ல ஒரு பொண்ணு, பொட்டு வெச்சிக்கினு. தமிழ்ல பேசிச்சி. அப்பாடான்னு இருந்துச்சி. ஐசி இருக்கான்னு கேட்டுச்சி. ஏது நம்மகிட்ட அந்த ஊரு அடையாள அட்டை? பாஸ்போர்ட்டுதான்னேன். அதோட தமிழ் நின்னுபோச்சி. இங்கிலீஷ்ல ஒரு தொகை சொல்லிச்சி பாருங்க, என் மாசச் சம்பளத்துல பாதி. துணியச் சுத்திக்கினு திரும்பிட்டேன்."

"அது நான் இல்லையே அண்ணே."

"நீங்க இல்ல. ஆனா அந்த நாட்லேர்ந்து என் வண்டியில ஏறுன மொத ஆளு நீங்க. பசியாறியாச்சான்னு கேட்டீங்களே, அப்பவே முடிவு பண்ணிட்டேன்."

நான் ஜொகூரில் இருந்ததே இல்லை. ஆனால் கல்லூரிக் காலத்தில் இரண்டு வருடம், சனி ஞாயிறுகளில், கிள்ளானில் ஒரு கிளினிக் கவுண்ட்டரில் உட்கார்ந்திருக்கிறேன். கண்ணாடிக்கு அடியில் இரண்டு கட்டமுள்ள ஒரு தாள் இருக்கும். ஐசி உள்ளவர்களுக்கு ஒன்று, இல்லாதவர்களுக்கு ஒன்று. வங்காளதேசத்தார் வருவார்கள், மியன்மார்க்காரர் வருவார்கள், ராமநாதபுரத்திலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் வந்து மேசை துடைக்கும் அண்ணன்மார் வருவார்கள். இரண்டாவது கட்டத்துக்கு விரல் போனதும் நானும் ஆங்கிலத்துக்கு மாறிவிடுவேன். தமிழில் சொன்னால் கெஞ்சுவார்கள். கெஞ்சினால் எனக்குச் சங்கடம். யார் யார் துணியைச் சுற்றிக்கொண்டு திரும்பிப் போனார்கள் என்று நான் எட்டிப் பார்த்ததில்லை. இதைக் கோதண்டத்திடம் நான் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. அவர் விரலைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது, அதே நேரம் மாதக்கணக்கில் என்னிடம் பிடுங்கிய ஆத்திரமும் அப்படியே இருந்தது. ஒன்று வந்ததால் மற்றது வெளியே போகவில்லை.

கேட் அருகே வண்டியை நிறுத்திவிட்டு அவரே பேரம் பேசினார். "அந்த நோட்டீஸைக் கிழிச்சிடுங்க மேடம். நாளையிலேர்ந்து நீங்க நூத்தி இருவதே குடுங்க. ஸ்டேண்டுல எல்லார்கிட்டயும் சொல்லிடறேன், இது நம்ம வூட்டுப் பொண்ணுன்னு."

எல்லோருக்கும் ஒரே விலை வையுங்கள், அப்புறம் பார்ப்போம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அன்று மாலையே இரண்டு லிஃப்டிலும் நகத்தால் சுரண்டிச் சுரண்டி எடுத்தேன். நியாயத்துக்காக அதை ஒட்டினேன் என்று யாரும் நினைத்துவிடாதீர்கள். எனக்கு வேண்டியிருந்தது என் விலை. அது கிடைத்துவிட்டது. கொஞ்ச நாளில், அது பழைய ரேட் என்று டிரைவர்கள் சொல்ல ஆரம்பித்தார்கள். சுவரில் தாள் இல்லாததால் எல்லோரும் நம்பினார்கள்.

போன வாரம் ஸ்டேண்டில் ஒரு கொரிய இளைஞர் நின்றிருந்தார். வந்து இரண்டே நாள். எங்கள் ஆலைக்குத்தான் என்று அட்டையில் தெரிந்தது. வேறு வண்டி இல்லாததால் இருவரும் கோதண்டத்தின் ஆட்டோவில் ஏறினோம். அவர் என் பக்கம் திரும்பி, நிறுத்தி நிறுத்தி ஆங்கிலத்தில் கேட்டார். "நீங்கள் இந்த ஊர்தானே? இதற்கு எவ்வளவு கொடுக்க வேண்டும்?"

என்னை இந்த ஊர்க்காரி என்று நம்பிய முதல் ஆள். கோதண்டம் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். எனக்குள் கோலாலம்பூர் வீட்டுக்காரம்மாவின் குரல் கேட்டது, மாதக்கணக்கில் கொடுத்த இருநூற்று இருபதும் கேட்டது. "முன்னூறு" என்றேன்.

"மேடம், நாங்களே அவ்ளோ கேக்க மாட்டோமே" என்று கோதண்டம் தமிழில் முணுமுணுத்தார்.

"சும்மா ஓட்டுங்கண்ணே."

கேட்டில் அந்த இளைஞர் மூன்று தாள்களை இரு கைகளாலும் பிடித்துக் கொடுத்துவிட்டு, எனக்கும் தலை குனிந்து நன்றி சொன்னார். நான் நூற்று இருபது கொடுத்தேன். உள்ளே போகும் வழியில் உள்ளூர்க்காரர்கள் அட்டையைத் தட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். வெளிநாட்டுக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு மட்டும் காவலாளியின் மேசையில் ஒரு நீளமான நோட்டு. எத்தனை மாதமானாலும் தினமும் பெயர், நாடு, கடவுச்சீட்டு எண், கையெழுத்து. இளைஞர் எழுதி முடித்துப் பேனாவைக் காவலாளியிடம் நீட்டினார். "எனக்கு எதுக்கு சார்? மேடத்துகிட்ட குடுங்க" என்றார் காவலாளி.

இளைஞர் என் கழுத்து அட்டையில் இருந்த பெயரைப் பார்த்தார். பிறகு நோட்டைப் பார்த்தார், முந்தின நாளின் பக்கத்தில் இருந்த என் பெயரையும் அதற்கு எதிரே நான் எழுதியிருந்த நாட்டையும். மின்விசிறிக் காற்றில் பக்கம் புரண்டுகொண்டிருந்தது. நான் அவர் பெயருக்கு அடியில் என் பெயரை எழுதி முடிக்கும்வரை, அதன் ஓரத்தை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார்.