பேயின் கை

பழைய பேய்ப் படம் ஒன்றைக் கலரில் மறுபடி எடுக்கப்போவதாகச் சொல்லி எங்கள் காரைக்குடி வீட்டைக் கேட்டு வந்தார்கள். தொண்ணூறுகளின் நடுவில் அது. கறுப்பு வெள்ளையில் ஊரையே நடுங்கவைத்த படத்துக்குக் குறையாக இருந்தது கலர்தான் என்று அவர்களுக்கு யார் சொன்னார்களோ தெரியாது. அந்தப் பழைய படத்தை என் அப்பச்சி, அதாவது அப்பா, கல்லூரி நாளில் ஏழு முறை பார்த்தவர். அவர்கள் கேட்டு முடிப்பதற்குள் சரி என்றுவிட்டார். எங்கள் வீட்டில் இருபது அறைகள், மூன்று ஆட்கள். தங்கள் அறைகளைப் பூட்டிவிட்டுப் போயிருந்த பங்காளிகளுக்கெல்லாம் கடிதம் போட்டு, சென்னையிலிருந்தும் பினாங்கிலிருந்தும் அறைச் சாவிகளை வரவழைத்தார்.

எனக்கு அப்போது வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நெற்குப்பையில் ஓர் இடம் ஜாதகம் பொருந்தி, பெண் பார்க்க வருவது மட்டுமே பாக்கி. மாப்பிள்ளையின் புகைப்படத்தை நோட்டுக்குள் வைத்து அடிக்கடி பார்ப்பேன். எனக்கு அவரைப் பிடித்திருந்தது.

படக்காரர்கள் வருவதற்கு ஒரு வாரம் முன்பே என் தாயார், நாங்கள் ஆத்தா என்போம், வேலையைத் தொடங்கிவிட்டார். மூலை முடுக்கெல்லாம் ஒட்டடை அடித்து, தூண்களுக்கு எண்ணெய் தேய்த்து, பூக்கல் தரையைத் துடைத்து, முற்றத்தைச் சுற்றிய வளவில் பெரிய மாக்கோலமும் போட்டுவைத்தார். உள்ளே நுழைந்த இயக்குநர் அப்படியே நின்றுவிட்டார்.

"பேய் வீடு கேட்டோம் சார். நீங்க கல்யாண வீடு காட்டுறீங்களே."

"நாலு பேரு வர்ற வீட்ட அப்படியேவா போட்டு வைப்பாக?" என்று ஆத்தா கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டார். அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை.

பிறகு மூன்று நாள், நாங்கள் துடைத்ததையெல்லாம் அவர்கள் அழுக்காக்கினார்கள். சருகு மூட்டை மூட்டையாக வந்து இறங்கியது. பசையை ஊதி ஒட்டடை செய்வதற்கென்றே தனியாக ஓர் ஆள் இருந்தார். எங்கள் வீட்டில் அது ஓசியில் கிடைத்திருக்கும், ஆத்தா விட்டிருந்தால்.

வளவுச் சுவரில் தோள் உயரத்தில் பேயின் கைத்தடம் வேண்டியிருந்தது. வந்திருந்தவர்களில் யார் கையும் இயக்குநருக்குப் பிடிக்கவில்லை. "என் கையப் பாருங்க" என்று அப்பச்சி நீட்டினார். நீளமான விரல்கள், சுண்டுவிரல் மட்டும் கொஞ்சம் வளைந்திருக்கும். கரியையும் எண்ணெயையும் குழைத்துப் பூசி அழுத்தினார்கள். தேசிய விருது வாங்கிய களை அவர் முகத்தில்.

தண்ணீர் விட்டால் போய்விடும் என்றார் கலை இயக்குநர். சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசி, அதுவரை பளபளவென்று இருந்த சுவர். தண்ணீர் விட்டோம், சீயக்காய் போட்டோம், சோப்பு போட்டோம். படக்காரர்கள் போனார்கள், கை போகவில்லை.

படம் வந்தது. பழையதில் பேயைக் கடைசிவரை காட்டவே மாட்டார்களாம், அதுதான் பயமாம். புதியதில் பேய் எடுத்த எடுப்பிலேயே வந்து, கொஞ்ச நேரத்தில் பாட்டும் பாடியது. மற்ற ஊர்களில் மூன்று நாளில் தூக்கிவிட்டார்கள். காரைக்குடியில் மட்டும் மூன்று வாரம் ஓடியது. இங்கே ஜனங்கள் பயப்பட வரவில்லை, எங்கள் வீட்டு அறைகளை எண்ண வந்தார்கள்.

தள்ளித் தள்ளிப் போய், அடுத்த மாதம்தான் நெற்குப்பையிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் தாயார் வளவில் கால் வைத்ததும் சுவரைப் பார்த்து நின்றார்.

"இது அந்தப் படத்துல வந்த வீடா?"

இல்லை என்றிருக்கலாம். பேச்சை மாற்றிக் காபியைக் கொடுத்திருக்கலாம். ஆனால் அப்பச்சிக்கு அன்றுதான் வெளியூர் ரசிகர் ஒருவர் கிடைத்திருந்தார்.

"ஆமா, இங்குட்டு வாங்க, காட்டுறேன். இந்த அறையில இருந்துதான் புது மருமக பேயா வெளிய வருவா. அங்குட்டு அந்தத் தூணுக்குப் பக்கத்துலதான் மாமியாரோட கழுத்தப் பிடிப்பா. இந்தக் கை யாருதுன்னு நினைக்கிறீக? என்னோடதுதான்."

நான் காபித் தட்டோடு நின்றிருந்தேன். மாப்பிள்ளை என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். அவருடைய தாயார் காபியைத் தொடவில்லை. ஒரு வாரத்தில் கடிதம் வந்தது. அன்று பொருந்திய ஜாதகம் இன்று பொருந்தவில்லையாம்.

அழுது தீர்த்தேன். அப்பச்சியோடு இரண்டு மாதம் பேசவில்லை. அவரோ தினமும் காலையில் வாளியும் பிரஷ்ஷுமாக வந்து அந்தச் சுவரைத் தேய்த்துக்கொண்டிருந்தார். வேறு யாரையும் தேய்க்க விடவில்லை.

இரண்டு வருடம் கழித்து, சினிமாவே பார்க்காத குடும்பம் ஒன்றில் எனக்கு அமைந்தது. கல்யாணம் அதே வளவில்தான். புகைப்படக்காரர் வந்ததும் அப்பச்சி என் கையைப் பிடித்துச் சுவரோரம் கொண்டுபோய் நிறுத்தினார்.

"இங்குட்டு நில்லு ஆத்தா. இன்னும் கொஞ்சம் தள்ளி. அம்புட்டுத்தான், மறைஞ்சிருச்சு."

அப்பச்சிக்குப் பாசம் வந்தால் நானும் ஆத்தாதான். சொல்லிவிட்டுப் பந்தியைப் பார்க்க ஓடினார். அன்று முழுக்க ஓடிக்கொண்டே இருந்தவர், ஒரு புகைப்படத்துக்குக்கூட வந்து நிற்கவில்லை.

கை மறையவும் இல்லை. ஆல்பத்தின் முதல் படத்தில் என் தோளுக்கு மேல் நான்கு கறுப்பு விரல்கள் தெரிகின்றன, சுண்டுவிரல் வளைந்து. என் பிள்ளைகள் சின்ன வயதில் அந்தப் பக்கத்தைப் புரட்டவே பயப்படுவார்கள். அப்பச்சி போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. என் கல்யாண ஆல்பத்தில் அவர் இருப்பது அந்த ஒரு படத்தில்தான்.