வெளியே திறக்கும் கதவு

அப்பாவின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். சர்க்கரை. எங்கள் தாமான் குடியிருப்பில் இதைச் சொன்னால் யாரும் பெரிதாக அதிர மாட்டார்கள். வரிசைக்கு ஒரு வீட்டிலாவது இப்படி ஒருவர் இருக்கிறார். ஈப்போ மருத்துவமனைக் கட்டிலில் சாய்ந்தபடி அப்பா கேட்டது ஒன்றே ஒன்று: "என்னைய யாரும் தூக்கிட்டுப் போயி பாத்ரூம்ல உக்கார வைக்கக் கூடாது. அது முடியாதுன்னா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவாதீங்க."

லோரி ஓட்டியவர். ஜெலாப்பாங்கில் சரக்கு ஏற்றிக்கொண்டு ராத்திரி பகல் பார்க்காமல் தனியாகப் போய்த் தனியாகத் திரும்பியவர். அவர் சொன்னால் சொன்னதுதான்.

அப்போது நான் ஈப்போவில் கட்டடக்கலைத் தொழில்நுட்ப டிப்ளோமா இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். இந்தப் படிப்பு என்னவென்று விளக்கியே எனக்குப் பாதி ஆயுள் போய்விட்டது. "ஆர்க்கிடெக்டா?" "இல்லை." "எஞ்சினியரா?" "இல்லை." "பெறகு என்னா லா?" கட்டடம் எப்படி இருக்க வேண்டும் என்று ஆர்க்கிடெக்ட் யோசிப்பார். அது மழையில் ஒழுகாமல், கதவு எதிலும் இடிக்காமல், படி யாரையும் தடுக்காமல் நிஜத்தில் எப்படி எழும்பும் என்று வரைந்து கொடுப்பது நாங்கள். இவ்வளவையும் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தால், "ஓ, பிளான் வரையறவங்களா" என்று ஒரே வரியில் மூட்டை கட்டிவிடுவார்கள். பற்றிக்கொண்டு வரும் எனக்கு.

கமுந்திங்கிலிருந்து வந்திருந்த அத்தை, அப்பாவின் கட்டிலருகிலேயே பேச்சை எடுத்தார். "அண்ணன் இனிமே லோரி ஓட்ட முடியாது. இவ படிச்சிக் கிழிச்சது போதும். எங்க பெக்டரில ஆள் எடுக்கிறாங்க, நான் கூட்டிட்டுப் போறேன்." அத்தையைக் குறை சொல்ல மாட்டேன். அந்த வேலையை வைத்துத்தான் தன் பிள்ளைகளை ஆளாக்கினார். அம்மா, "அவரு சொல்லட்டும்" என்றார். அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு நானும் கேட்கவில்லை. கேட்டு, 'நிறுத்திவிடு' என்று சொல்லிவிட்டால்? பயம்தான்.

படிப்பு கிடக்கட்டும், முதலில் கழிவறை என்று அளவெடுக்கும் டேப்பை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

தோட்டத்தை விற்று ரப்பர் மரங்களைச் சாய்த்த இடத்தில், அங்கே வேலை செய்தவர்களுக்காகக் கட்டிய மலிவு வீடு எங்களுடையது. சமையலறைக்குப் பின்னால் குளியலறையும் கழிவறையும் ஒட்டி ஒட்டி, இரண்டும் அலமாரி அளவுக்கு. உள்ளே போக ஒரு படி இறங்க வேண்டும். குந்தி உட்காரும் பீங்கான். சக்கர நாற்காலி வாசலிலேயே மாட்டிக்கொள்ளும். இதை வரைந்த ஆள் மூட்டு வலிக்காரர் ஒருவரைக்கூடப் பார்த்ததில்லையா என்று வாய்விட்டே திட்டினேன். திட்டிக்கொண்டிருக்கும்போதே சுருக்கென்றது. அதுவும் என்னைப் போல் படித்த ஒருவர், ஏதோ ஒரு மேசையில் உட்கார்ந்து வரைந்ததுதானே.

அந்த இரண்டு அறைகளுக்கும் நடுவே இருந்தது கூரையைத் தாங்காத வெறும் தடுப்புச் சுவர். என் கண்ணை மட்டும் நம்பாமல், படம் எடுத்துப் போய் விரிவுரையாளரிடமும் கேட்டு உறுதி செய்துகொண்டேன். அதை எடுத்துவிட்டால் நாற்காலி திரும்ப இடம் கிடைக்கும். வரைபடத்தில் தரையைச் சமையலறை மட்டத்துக்கு உயர்த்தி, தண்ணீர் பின்சுவர்ப் பக்கம் ஓடும்படி சாய்வு கொடுத்தேன். உட்காரும் பீங்கான், சுவரில் பிடிகம்பி, அகலமான கதவு, அவசரத்துக்கு வெளியிலிருந்தும் திறக்கிற தாழ்ப்பாள். அந்தக் கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும் என்று பெரிய எழுத்தில் எழுதியும் வைத்தேன்.

வேலையை எடுத்தவர் பின் வரிசையில் குடியிருந்த, கட்டட வேலை செய்யும் குத்தகைக்கார அண்ணன். தாமானில் பாதிச் சமையலறைகள் அவர் நீட்டிக் கட்டியவை. வரைபடத்தைப் பார்த்து, "பாத்ரூமுக்கெல்லாம் பிளானா தங்கச்சி?" என்று சிரித்தார்.

"இத பாத்துதான் செய்யணும்ண்ணே."

"சரி லா, பாத்துக்கலாம்."

பார்த்துக்கொண்டார். நான் வகுப்பு முடிந்து வந்தபோது கதவு மாட்டியாகிவிட்டது, உள்பக்கம் திறக்கிற மாதிரி. அப்பாவுக்காக வாங்கி வைத்திருந்த சக்கர நாற்காலியில் நானே உட்கார்ந்து உள்ளே உருட்டிப் போனேன். கதவைச் சாத்தப் பார்த்தால் சக்கரத்தில் இடித்து நின்றுவிட்டது. முன்னே, பின்னே, எப்படித் திருப்பினாலும் அதே கதைதான்.

"வெளிய தொறந்தா உங்க ஃபிரிட்ஜுல இடிக்கும் தங்கச்சி. எந்த வீட்டுல பாத்ரூம் கதவு வெளிய தொறக்குது? தொறந்தே கெடக்கட்டும், ஒரு கர்ட்டன் போட்டுக்கலாம். வீட்டு ஆளுங்கதானே, என்னா வெக்கம்?"

அம்மாவும், "கர்ட்டன் இருக்கு" என்று இழுத்தார். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

"கர்ட்டனுக்குப் பின்னால நீங்க போவீங்களாண்ணே? அப்பா உள்ள விழுந்துட்டா அவரு ஒடம்பே கதவ அடைச்சிக்கும். வெளியேருந்து யாரும் தொறக்க முடியாது. கழட்டுங்க."

"நிலையோட பேத்து எடுக்கணும். சூசா லா."

"கஷ்டமோ நஷ்டமோ, எடுங்க."

அவர் முனகினார், தலையில் அடித்துக்கொண்டார், உளியை எடுத்தார். நானும் அம்மாவும் ஃபிரிட்ஜைத் தள்ளிக்கொண்டு போய் ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் நிறுத்தினோம். அத்தை பதறினார். "ஃபிரிட்ஜ ஹாலுலயா வைக்கிறது? வரவங்க என்ன நெனப்பாங்க?"

"கேக்குறதுக்கு முன்னயே ஐஸ் தண்ணி கெடைக்குதுன்னு நெனப்பாங்கத்தே."

மறுநாள் மருத்துவமனைக்குப் போனபோது சங்கதி எனக்கு முன்பே அங்கே போயிருந்தது. "கதவ மாத்தணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறியாமே," என்றார் அப்பா. "அது இனிமே என் வேலை லா." காலை எடுத்த பிறகு அவர் சிரித்தது அன்றைக்குத்தான். நானும் சிரித்தேன், பிறகு வெளியே நடைபாதைக்கு வந்து அழுதேன்.

சிமெண்டு காய்ந்துகொண்டிருந்த நாட்களில் ஒரு முடிவுக்கு வந்தேன். என் வகுப்பில் பலருக்குக் கோலாலம்பூர் கனவு, சிலருக்குச் சிங்கப்பூர். கணினியில் முழுக் கட்டடத்தையும் எழுப்பிக் காட்டத் தெரிந்தவர்களுக்கு அங்கே வேலை இருக்கிறது, போகிறவர்கள் போகட்டும். எனக்கு ஈப்போவிலேயே ஒரு நிறுவனத்தில் மேசை கிடைத்தால் போதும். சில வருடம் வரைந்து, பதிவு பெற்ற வரைவாளராகிவிட்டால், சின்ன வீடுகளின் பிளானுக்கு நானே கையெழுத்துப் போடலாம். எங்கள் வரிசையில் எல்லாருக்கும் வயதாகிறது. எல்லா வீட்டிலும் அதே படி, அதே சின்ன வாசல். அத்தையின் தொழிற்சாலையில் நான் இல்லாவிட்டால் வேறொருத்தி நிற்பாள், இந்தக் கழிவறைகளை யார் வரைவார்கள்? அப்பா நிறுத்தச் சொன்னால் சண்டை போடுவது என்று தீர்மானித்தேன்.

அப்பா வீட்டுக்கு வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. கூடத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு தானே நாற்காலியைத் திருப்பிக்கொண்டு சமையலறைப் பக்கம் உருட்டினார். அம்மா ஏற்கெனவே கழுவிய தட்டை மறுபடி கழுவத் தொடங்கினார். அத்தை வெங்காயத்தைக் கையில் வைத்துக்கொண்டு உரிக்காமலே நின்றார். அப்பா கதவை வெளியே இழுத்துத் திறந்தார். சக்கரம் எங்கும் தட்டாமல் உள்ளே போனது. கதவு சாத்திக்கொண்டது, தாழ்ப்பாள் விழுந்தது.

நான் கதவுக்கு வெளியே நின்றேன். பிடிகம்பியைப் பற்றும் சத்தம் கேட்டது. நாற்காலி கிறீச்சிட்டது. பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை. கதவைத் தட்டக் கையைத் தூக்கிவிட்டேன், அப்போதுதான் தண்ணீர் ஊற்றும் சத்தம் வந்தது.

"யாரு அங்க நிக்கிறது?" என்று உள்ளிருந்து குரல்.

"நான்தான்ப்பா."

"நாளைக்கு ஒனக்கு காலேஜ் இருக்குதில்ல? போயி படிக்கிற வேலையப் பாரு, போ."