மார்வின் ஸ்டோல்ட்ஸ் கல்லூரி பார்த்த கோடை

“என் பொண்ணு படிக்கப்போற காலேஜ்ல நான் கேக்காம விட்ட கேள்வின்னு ஒண்ணு இருக்காது. இருந்தா சொல்லுங்க, என் பேரை மாத்திக்கிறேன்.”

மே மாதக் கடைசி ஞாயிறன்று, தேவாலய விருந்தில், உருளைக்கிழங்கு சாலட் வழியும் காகிதத் தட்டை ஏந்தியபடி மார்வின் ஸ்டோல்ட்ஸ் செய்த பிரகடனம் இது. எங்கள் ஒஹாயோ ஊரில் இதை மறுத்துப் பேச ஆளில்லை. வீடு வாங்குகிறவர்களுக்காக முன்கூட்டியே போய்க் கூரை ஒழுகுகிறதா, சுவர் விரிந்திருக்கிறதா என்று சோதித்து அறிக்கை கொடுப்பது அவர் தொழில். இருபத்திரண்டு வருடத்தில் அவர் தட்டிப் பார்க்காத சுவர்கள் எங்கள் மாவட்டச் சிறைச்சாலையில் மட்டுமே இருக்கின்றன. அங்கே யாரும் வீடு வாங்குவதில்லை.

கோடை விடுமுறை பிறந்தால் பதினேழு வயதுப் பிள்ளை இருக்கிற வீடெல்லாம் காரில் ஏறிக் கல்லூரி பார்க்கக் கிளம்பிவிடும். மாணவர்களே இல்லாத வளாகத்தில், அப்போதுதான் வெட்டிய புல்லையும் பூட்டிய வகுப்பறைகளையும் பார்த்துவிட்டு, “இங்க படிக்கிறவங்க ரொம்ப அமைதியானவங்க போல” என்று பெற்றோர் மெச்சிக்கொள்வார்கள். வழிகாட்டியாக வரும் மாணவன் வந்தவர்கள் முகத்தைப் பார்த்துப் பேசியபடி பின்பக்கமாகவே நடப்பான். அதுதான் வழக்கம். மார்வினுக்கு முதல் கல்லூரியிலேயே அது பொறுக்கவில்லை.

“தம்பி, பின்னாடி படி.”

“தெரியும் சார். தினம் நாலு தடவ இதே வழிதான்.”

“தம்பி, இப்ப தூண்.”

“தெரியும் சார்.”

மூன்றாவது எச்சரிக்கைக்கு அந்தப் பையன் இடப்பக்கம் திரும்பிப் பார்த்ததில், வலப்பக்கக் குப்பைத் தொட்டியில் மோதி உட்கார்ந்தான். “நான் சொன்னேன்ல” என்றார் மார்வின், அனுதாபத்தோடு.

இரண்டாவது கல்லூரியில் விடுதி அறை ஒன்றைத் திறந்து காட்டினார்கள். மார்வின் கட்டிலுக்கு அடியில் படுத்துப் பார்த்தார், ஜன்னலை ஏழு தடவை ஏற்றி இறக்கினார், புகை வந்தால் அலறும் கருவியின் பொத்தானை அமுக்கினார். அது கடமை தவறாமல் அலறியது. கோடைப் பயிற்சிக்கு வந்திருந்த நாற்பது கூடைப்பந்து வீராங்கனைகள் ஈரத்தலையோடு புல்வெளிக்கு ஓடி வந்தார்கள். அது வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காகவே ஜோடித்து வைத்த அறை, யாரும் அதில் குடியிருப்பதில்லை என்று வழிகாட்டிப் பெண் தாழ்மையாகச் சொன்னாள்.

“அப்ப ஆள் குடியிருக்கிற ரூமைக் காட்டும்மா.”

“லீவு சார். ஆளே இல்ல.”

“அதையும் குறிச்சுக்கிறேன்” என்று நோட்டில் குறித்துக்கொண்டார்.

மகள் டெல்லா முதல் கல்லூரியில் அப்பாவுக்குப் பக்கத்தில் நடந்தாள். இரண்டாவதில் இருபதடி பின்னால். மூன்றாவதில் பக்கத்து மாநிலமான இந்தியானாவிலிருந்து வந்த வேறொரு குடும்பத்தோடு சேர்ந்துகொண்டாள். அந்தக் குடும்பத்து அம்மாள் இவள் தனியாக வந்த பிள்ளை என்று நினைத்து உருகி, பாதி சாண்ட்விச்சைக் கொடுத்தாள். எந்தக் கல்லூரியிலும் டெல்லா ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்பதற்கு அப்பா எதையும் மிச்சம் வைப்பதில்லை.

கடைசிக் கல்லூரி வெர்மான்ட் மாநிலத்து மலைப்பக்கம். வீட்டிலிருந்து பன்னிரண்டு மணி நேரக் கார்ப் பயணம். அன்று காலை, தங்கியிருந்த ஓட்டலில், அச்சில் மாவு ஊற்றி வாஃபிள் சுட்டுக்கொண்டிருந்த மார்வினிடம் அவர் மனைவி ஜாய்ஸ் வந்து நின்றாள்.

“மார்வின், இவ ஆசைப்படுறது இந்த ஒரு காலேஜ்தான். பாறை, மலைன்னு ரெண்டு வருஷமா இதைப் பத்தியே படிச்சிட்டிருக்கா.”

“எங்கிட்ட சொல்லவே இல்லையே.”

“சொன்னா நீ நோட்டை எடுப்ப. இன்னிக்கு நீ ஒரு குத்தம் கண்டுபிடிச்சாப் போதும், எனக்குப் பிடிக்கலப்பா, நம்ம ஊர்ப்பக்கமே படிக்கிறேன்னு சொல்லிடுவா. உன்னை எதிர்த்துப் பேச அவளுக்கு வராது.”

“ஊர்ப்பக்கம் படிச்சா என்ன கெட்டுப்போச்சு?”

“கருகுது பாரு” என்று சொல்லிவிட்டு ஜாய்ஸ் போனாள்.

பதினொரு மணிக்கு, ஆறு குடும்பங்களோடு, கல்லூரி விடுதியின் மூன்றாவது மாடிக் கூடத்தில் நின்றார்கள். மார்வின் வழக்கம்போல் மேலே பார்த்தார். மேற்கூரையில் ஒரு பெரிய தட்டு அகலத்துக்குத் தண்ணீர் ஒழுகிய மஞ்சள் கறை, ஓரம் பழுப்பாக, நடுவில் லேசாக உப்பியிருந்தது. எந்த வீட்டில் இதைக் கண்டாலும் மூன்று பக்கம் எழுதியிருப்பார். இப்போது ஒரு வரி போதும். அதற்கப்புறம் மகள் வீட்டிலிருந்து இரண்டு மணி நேரத் தொலைவில் படிப்பாள், ஞாயிறுதோறும் சாப்பாட்டுக்கு வருவாள்.

டெல்லாவும் மேலே பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள்.

“கேள்வி ஏதாச்சும் இருக்கா?” என்றான் பிரெஸ்டன் என்ற வழிகாட்டி.

மார்வின் வாய் திறக்குமுன் ஒரு கை பாதி உயர்ந்தது. டெல்லாவுடையது.

“பனிக்காலத்துல மலைக்குக் கல் பார்க்கப் போவீங்களா, இல்ல வெயில் காலத்துல மட்டுந்தானா?” குரல் நடுங்கியது.

“பனியிலயும் போவோம். கால் புதையாம நடக்கப் பனிச்செருப்பு காலேஜே குடுக்கும். முதல் தடவ எல்லாருமே விழுவோம், நானே பள்ளத்துல கிடந்தேன்” என்றான் பிரெஸ்டன். டெல்லா சிரித்தாள். அடுத்த கேள்வியும் அவளே கேட்டாள், அதற்கடுத்ததும். எதிலும் நடுக்கம் இல்லை.

கடைசியில் பிரெஸ்டன் மார்வின் பக்கம் திரும்பினான். “சார், நீங்க ரொம்ப நேரமா மேலயே பாத்துட்டிருக்கீங்க. எதாவது கேக்கணுமா?”

டெல்லா தரையைப் பார்த்தாள்.

“ஒண்ணுமில்ல தம்பி” என்றார் மார்வின். “கூரை நல்ல உயரம். அதைத்தான் பாத்தேன்.”